அந்தப் பேப்பர் தாலியம் ஸ்கேன் வேணாம்னு சொல்லல

இந்தத் தடவை வந்திருக்கிற கடிதம் பாம்பன் தீவுல ஒரு கடலோர ஊர்ல இருந்து. பேரு, தெரு எல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்லிடறேன்.

எழுதினவங்களுக்கு 27 வயசு. ஏழாம் மாசம், வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்திருக்காங்க. அம்மாவுக்கு 56, இருபது வருஷத்துக்கு மேல பாசி எடுக்கக் கடல்ல இறங்குறவங்க, மூச்சைப் பிடிச்சு முங்கி எடுக்குற வேலை. சுகர் 11 வருஷமா இருக்கு, பிரஷருக்கு மாத்திரை எடுக்குறாங்க, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் 1.6, அது கொஞ்சம் கூடுதல். மூணு மாசமா ஈரப்பாசி சாக்கைத் தூக்கிக்கிட்டுக் கரையேறும்போது மூச்சு வாங்குது, தாடையிலயும் ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுலயும் ஒரு அமுக்கம், வேர்த்துக் கொட்டுது, கொஞ்ச நேரம் உக்காந்தா சரியாயிடுது. அம்மா இது வாய்வுன்னு சொல்லி சோடா குடிச்சுட்டு விட்டுட்டாங்க. ராம்நாட்ல பார்த்ததுல ஈசிஜில பெருசா ஒண்ணுமில்ல, எக்கோவும் நார்மல். டிரெட்மில்ல ஏத்துனா முழங்கால் வலியால மூணு நிமிஷத்துல இறங்கிட்டாங்க. அப்புறம் மதுரையில ஒரு இதய டாக்டர் பார்த்துட்டு தாலியம் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கார், அதாவது ரேடியேஷன் உள்ள மருந்தைக் கொஞ்சம் ஊசியில ஏத்தி, இதயத்தசைக்கு ரத்தம் சரியாப் போகுதான்னு படம் எடுக்குறது.

இங்கதான் வீட்டுல சண்டை. வெளிநாட்டுல வேலை பாக்குற தம்பி, ஆண்ட்ரூ ஐன்ஸ்டீன்னு ஒரு அமெரிக்க டாக்டரோட ஆராய்ச்சிய நெட்ல படிச்சுட்டு, "இந்த ஸ்கேன் எடுத்தவங்க உடம்புல 100 மில்லிசீவர்ட்டுக்கு மேல ரேடியேஷன் ஏறியிருக்குன்னு அவரே எழுதியிருக்கார், அம்மாவுக்கு கேன்சர் வந்துரும், வேணாம்"னு சொல்லிட்டாராம். மாமா வேற, "ஸ்கேன்ல என்ன வந்தாலும் ஸ்டென்ட் வைக்கணும்னுதான் சொல்லப் போறாங்க, அதுக்கு எதுக்கு ஸ்கேன்"னு கேட்குறார். எழுதினவங்களுக்கு இன்னொரு பயம், ஸ்கேன் எடுத்துட்டு அம்மா வீட்டுக்கு வந்தா வயித்துல இருக்குற குழந்தைக்கு ஏதாவது ஆகுமா. அம்மா எதுலயும் கலந்துக்கலையாம், "நான் எப்ப மறுபடி கடல்ல இறங்கலாம்"னு மட்டும் கேக்குறாங்களாம்.

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன்ம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க அம்மாவுக்கு இருக்குறது வாய்வு மாதிரி எனக்குத் தெரியல. பாரம் தூக்கும்போது வருது, உக்காந்தா போகுது, கூடவே வேர்வை, 11 வருஷ சுகர். இந்த நாலும் சேர்ந்தா இதயத்துக்குப் போற ரத்தம் பத்தலையோன்னுதான் எந்த டாக்டரும் முதல்ல யோசிப்பாங்க. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாயுறதுதான் இதய வலின்னு நாம நினைச்சு வச்சிருக்கோம், ஆனா பொம்பளைங்களுக்கும் சுகர் இருக்குறவங்களுக்கும் அது தாடையில, முதுகுல, வெறும் மூச்சிரைப்பா, சில நேரம் வெறும் அசதியா கூட வரும். எக்கோ நார்மல்னு சொன்னதை வச்சும் ஆறுதல் பட்டுக்க முடியாது, ஏன்னா அது சும்மா படுத்திருக்கும்போது இதயம் எப்படித் துடிக்குதுன்னு பாக்குறது, சாக்கைத் தூக்கும்போது என்ன ஆகுதுன்னு அதுல தெரியாது.

தம்பி படிச்ச பேப்பர்ல உண்மையில என்ன இருக்கு

உங்க தம்பிமேல எனக்குக் கோவமே இல்ல. அம்மாவுக்காக ராத்திரி உக்காந்து இங்கிலீஷ் மருத்துவப் பேப்பரை தேடிப் படிச்சிருக்கார், அது பாசம். ஆனா பாதியில நிறுத்திட்டார்.

ஆண்ட்ரூ ஐன்ஸ்டீன் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்துல இருக்குற இதய டாக்டர். இதயப் பரிசோதனைகள்ல ரேடியேஷன் எவ்வளவு போகுது, அதை எப்படிக் குறைக்கலாம்ங்குறதுதான் அவரோட முக்கியமான ஆராய்ச்சி. தம்பி பார்த்தது 2010ல வந்த பேப்பரா இருக்கணும். அதுல ஒரே ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ஸ்கேன் எடுத்த 1,097 பேரோட பழைய ரெக்கார்டை எல்லாம் எடுத்துப் பார்த்தாங்க. அதுல 31 சதவீதம் பேருக்கு மொத்த ரேடியேஷன் 100 மில்லிசீவர்ட்டைத் தாண்டியிருந்துச்சு, அது உண்மை. ஆனா அந்த 100 ஒரு ஸ்கேன்ல வந்தது கிடையாது, 1988ல இருந்து 2008 வரைக்கும் கிட்டத்தட்ட இருபது வருஷத்துல அந்த ஆஸ்பத்திரியில அவங்க எடுத்த எக்ஸ்ரே, சிடி, ஆஞ்சியோ, திரும்பத் திரும்ப எடுத்த நியூக்ளியர் ஸ்கேன் எல்லாத்தையும் கூட்டுனது. அங்க அவர் எழுப்புன கேள்வி, ஒரே ஆளுக்கு ஏன் இத்தனை தடவை எடுக்குறோம்ங்குறதுதான். ரொம்ப நியாயமான கேள்வி, எங்க துறையில இருக்குறவங்க எல்லாருக்கும் அது உறைச்சுது.

அதுக்கப்புறம் 2015ல வந்ததை தம்பி படிச்சிருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காது. சர்வதேச அணுசக்தி முகமையோட சேர்ந்து 65 நாடுகள்ல 308 லேப்களோட கணக்கை எடுத்தாங்க, 2013ல ஒவ்வொரு லேப்லயும் ஒரு வாரம் வந்த நோயாளிங்க, மொத்தம் 7,911 பேர். ஒருத்தருக்குப் போன ரேடியேஷன் நடுமதிப்பா 10 மில்லிசீவர்ட். ஆனா ஒரு லேப்புக்கும் இன்னொரு லேப்புக்கும் இருந்த வித்தியாசத்தைப் பாருங்க, ஒரு லேப்ல சராசரி 2.2, இன்னொரு லேப்ல 24.4. அதே டெஸ்டு, அதே கேள்வி, பத்து மடங்குக்கு மேல வித்தியாசம். இதை முதல்ல படிச்சப்ப எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஏன்னா நான் ட்ரெயினிங்ல இருந்த காலத்துல நாங்களும் யோசிக்காம கூடுதலா கொடுத்திருக்கோம். அந்த ஆய்வுல எட்டு நல்ல பழக்கங்களை வரிசைப்படுத்தி, எந்த லேப் எத்தனையைப் பின்பற்றுதுன்னு மார்க் போட்டாங்க. அதிகம் பின்பற்றுன இடங்கள்ல ரேடியேஷன் குறைஞ்சிருந்துச்சு. அதாவது ஸ்கேனை எப்படி எடுக்கணும்னு அந்த மனுஷன் வழி காட்டியிருக்கார், எடுக்காதேன்னு எங்கயும் எழுதல.

10 மில்லிசீவர்ட்டுன்னா எவ்வளவுன்னு தோணும். மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் சும்மா இருக்குற மனுஷனுக்கே உலக சராசரியா வருஷத்துக்கு 2.4 வருது, ஆக நாலு வருஷ அளவு ஒரே நாள்ல. 10 மில்லிசீவர்ட்டால ஆயுசுக்குள்ள கூடுதலா கேன்சர் வர வாய்ப்பு பொதுக் கணக்குல சுமார் 2,000 பேர்ல ஒருத்தருக்குன்னு போடுவாங்க. அதுவும் கணிப்புதான், 56 வயசுக்கு இன்னும் குறையும். இந்தப் பக்கம் என்ன இருக்கு, சுகரோட, பாரம் தூக்குனா தாடை அமுக்கத்தோட, மூச்சைப் பிடிச்சு கடலுக்கு அடியில போற ஒரு அம்மா. ரெண்டையும் தராசுல வச்சா எது கனம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

வேற டெஸ்ட் எடுக்கக் கூடாதா

எடுக்கலாம், ஆனா உங்க அம்மாவுக்கு இதை ஏன் எழுதினார்னு எனக்குப் புரியுது. டிரெட்மில்ல ஓட முடியல, அது போச்சு. சிடி ஆஞ்சியோ நல்ல டெஸ்டுதான், ஆனா அதுல அயோடின் கலந்த டை ஏத்தணும், கிரியாட்டினின் 1.6 இருக்குறவங்களுக்கு யோசிச்சுத்தான் கொடுப்பாங்க. நேரா ஆஞ்சியோ பண்ணாலும் அதே டைதான், போதாததுக்கு ரத்தக்குழாய்க்குள்ள ஒயர் வேற போகும். தாலியம் ஸ்கேன்ல ஏத்துற மருந்தும் கிட்னியைக் கெடுக்கும்னு நிறைய பேர் நினைக்குறாங்க, அது தப்பு, அதுல அந்த டை கிடையாது, அளவும் ரொம்பக் கொஞ்சம். ஸ்ட்ரெஸ் எக்கோன்னு ஒண்ணு இருக்கு, இதயத்துக்கு வேலை கொடுத்து எக்கோ பாக்குறது, ரேடியேஷனே இல்ல, நல்லா பண்ணத் தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா அதையும் தாராளமா கேக்கலாம்.

இந்த ஸ்கேன் என்ன காட்டுதுன்னு நம்ம ஊர் கணக்குல சொல்றேன். ஆஞ்சியோங்குறது கண்மாய்ல இருந்து வர்ற வாய்க்கால்ல எங்க மண்ணு சரிஞ்சு அடைச்சிருக்குன்னு பாக்குறது. தாலியம் ஸ்கேன் நேரா கடைமடை வயலுக்குப் போய், அங்க ஈரம் இருக்கான்னு பாக்குறது. வாய்க்கால் கொஞ்சம் அடைச்சிருந்தாலும் வயலுக்குத் தண்ணி வரலாம், பெரிய வாய்க்கால் சுத்தமா இருந்தும் கடைசியில பிரியுற சின்னச் சின்ன வாய்க்கால் கெட்டுப்போய் வயல் காயலாம். இந்த ரெண்டாவது சங்கதி சுகர் உள்ள பொம்பளைங்ககிட்ட நாங்க அடிக்கடி பாக்குறது. வேலை கொடுத்து ஒரு படம், ஓய்வுல ஒரு படம். ஓய்வுல நல்லா இருந்து வேலையில மங்குனா அங்க ரத்தம் பத்தலைன்னு அர்த்தம், ரெண்டுலயும் மங்கியே இருந்தா அது பெரும்பாலும் பழைய அட்டாக்கோட தழும்பு.

குறையும் சொல்லிடறேன். மூணு பெரிய குழாயும் ஒரே மாதிரி அடைச்சிருந்தா எல்லா இடமும் சமமா மங்கி, படம் நார்மல் மாதிரி தெரிய வாய்ப்பிருக்கு. பொம்பளைங்களுக்கு மார்புத் திசு மறைச்சு இதயத்தோட முன்பக்கம் மங்கலாத் தெரியும், அதைப் பார்த்து அடைப்புன்னு தப்பா எழுதிட வாய்ப்பு இருக்கு. அனுபவம் உள்ளவங்க குப்புறப் படுக்க வச்சு இன்னொரு படம் எடுப்பாங்க, இல்ல சிடியோட சேர்ந்த மெஷின்ல அந்த மறைப்பை சரி பண்ணிப் பாப்பாங்க.

மாமா சொல்றது பாதி சரி

ஒரு காலத்துல மாமா சொன்ன மாதிரிதான் நடந்துச்சு. 2003ல ஹச்சமோவிச்ங்குற அமெரிக்க இதய டாக்டரும் அவர் கூட்டாளிங்களும் 10,627 பேரோட ஸ்கேனைப் பார்த்து, இதயத்துல சுமார் 10 சதவீதத்துக்கு மேல ரத்தம் பத்தாம இருந்தா ஸ்டென்ட்டோ பைபாஸோ பண்ணவங்க கூடுதலா பிழைச்சாங்கன்னு எழுதினாங்க. பல வருஷம் அந்த 10தான் எங்களுக்கு எல்லைக்கோடு. ஆனா அது நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதினது, சீட்டுக் குலுக்கிப் பிரிச்சுப் பார்த்த ஆய்வு இல்ல. அப்படிப் பிரிச்சுப் பார்த்தது 2020ல வந்த ஐஸ்கீமியா ட்ரையல். 37 நாடுகள்ல 5,179 பேர், நம்ம நாடும் அதுல உண்டு. ஓரளவுக்கு மேல ரத்தம் பத்தாதவங்களையே எடுத்து, ஒரு பாதிக்கு மாத்திரை மட்டும், இன்னொரு பாதிக்கு மாத்திரையோட ஆஞ்சியோவும் தேவைப்பட்டா ஸ்டென்ட், பைபாஸும். மூணு வருஷத்துக்கு மேல பார்த்ததுல சாவும் அட்டாக்கும் ரெண்டு பக்கமும் பெருசா வித்தியாசப்படல. ஆனா அடிக்கடி வலி வந்துக்கிட்டு இருந்தவங்களுக்கு ஸ்டென்ட் வச்ச பக்கம் வலி நல்லாவே குறைஞ்சுது.

அதனால ஸ்கேன்ல குறை வந்தாலும் மறுநாளே ஸ்டென்ட்டுன்னு இல்ல. மாத்திரைய முழுசா கொடுத்துப் பாத்துட்டு, வலி அடங்கலைன்னா மத்தது. "மாத்திரையில பாக்கலாமா டாக்டர்"னு நீங்களே வாய்விட்டுக் கேக்கலாம், அது உங்க உரிமை. அதே நேரம் அந்த ட்ரையல்ல யாரைச் சேர்க்கலைன்னும் மாமாகிட்ட சொல்லுங்க. இடது பக்க மூலக்குழாய்ல பெரிய அடைப்பு இருக்குறவங்க, இதயம் பம்ப் பண்ற அளவு 35 சதவீதத்துக்குக் கீழ போனவங்க, புதுசா அட்டாக் வந்தவங்க, தாங்க முடியாத வலி உள்ளவங்க இவங்க யாரும் அதுல இல்ல. உங்க அம்மா எந்தக் கூட்டம்னு தெரியாம ஸ்டென்ட் வேணும்னும் சொல்ல முடியாது வேணாம்னும் சொல்ல முடியாது, அதுக்குத்தான் ஸ்கேன்.

தேதி வாங்குறப்பவே லேப்ல கேளுங்க

முதல் கேள்வி, என்ன மருந்து. எல்லாரும் தாலியம் ஸ்கேன்னே சொல்றோம், ஏன்னா 1970கள்ல இருந்து தாலியம்-201 தான் கொடுத்தாங்க, பேரு ஒட்டிக்கிச்சு. இப்ப பெரும்பாலும் டெக்னீசியம்-99எம். தாலியத்தோட ரேடியேஷன் பாதியாகுறதுக்கு 73 மணி நேரம், டெக்னீசியத்துக்கு 6 மணி நேரம். அந்த எட்டுப் பழக்கத்துல ஒண்ணே இதுதான், 70 வயசுக்குள்ள இருக்குறவங்களுக்குத் தாலியத்தைத் தவிர்க்கணும்.

ரெண்டாவது, எடைக்குத் தகுந்த மாதிரி டோஸ் போடுவீங்களா. மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, வேலைப் படத்தை முதல்ல எடுத்து அது சுத்தமா நார்மலா இருந்தா ஓய்வுப் படத்தை விட்டுடுவீங்களா. அப்படிப் பண்ணா ரேடியேஷன் பாதியாவோ அதுக்கும் கீழயோ வந்துரும், ரெண்டு நாளா பிரிச்சு எடுக்குற லேப்பா இருந்தா மதுரையில ஒரு ராத்திரி தங்குற செலவும் மிச்சம். தம்பிகிட்ட இந்த மூணு கேள்வியைக் கொடுத்து அவரையே போன் பண்ணிக் கேக்கச் சொல்லுங்க, அவர் பயத்துக்கு அதுதான் மருந்து. முதலமைச்சர் காப்பீட்டுக் கார்டையும் எடுத்துட்டுப் போய் இதுக்குச் செல்லுமான்னு ஆஸ்பத்திரி கவுண்டர்ல கேட்டுட்டே தேதி வாங்குங்க. வாங்குன தேதிய மாத்தாதீங்க, அந்த மருந்து ஐஸ் பெட்டியில கொட்டுன ஐஸ் மாதிரி, நேரம் போகப் போகக் கரையும், நாளைக்குன்னு எடுத்து வைக்க முடியாது.

உங்க அம்மா ஓட மாட்டாங்கங்குறதால ஊசி போட்டுத்தான் ரத்தக்குழாயை விரிய வைப்பாங்க. அதுக்கு முந்தின 24 மணி நேரம் டீ, காபி, கடுங்காப்பி, சாக்லேட், கோலா எதுவும் கூடாது, காப்பித் தண்ணி உள்ள இருந்தா அந்த ஊசி சரியா வேலை செய்யாது, ஸ்கேனே வீணாப் போயிடும். விடியக்காலை கடலுக்குப் போறதுக்கு முன்னாடி கடுங்காப்பி குடிச்சே பழகுனவங்களுக்கு இது கஷ்டம், கூடவே இருந்து பாத்துக்கோங்க. இழுப்பு ஏதாவது இருந்தா, அதுக்கு டெரிபிலின் மாதிரி மாத்திரை எடுத்தா, கட்டாயம் முன்னாடியே சொல்லிடணும், ஊசியை மாத்துவாங்க. பிரஷர் மாத்திரைய நிறுத்தணுமான்னு டாக்டர்தான் சொல்லணும், நீங்களா நிறுத்தாதீங்க. சுகர் மாத்திரையும் அப்படித்தான், காலையில மூணு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கிட்டு வெறும் வயித்தோட பஸ் ஏறி பரமக்குடி தாண்டுறதுக்குள்ள சுகர் இறங்கி மயங்குனவங்களை நான் பாத்திருக்கேன்.

உங்க வயித்துல இருக்குற குழந்தை

பயப்படாதீங்க, ஆனா அன்னைக்கு நீங்க கூடப் போக வேணாம். ஸ்கேன் முடிஞ்சு வர்றவங்க உடம்புல இருந்து கொஞ்ச நேரத்துக்கு லேசா ரேடியேஷன் வரும், டெக்னீசியம்னா ஒரு நாள்ல பதினாறுல ஒரு பங்குக்கு இறங்கிடும், அதுலயும் கொஞ்சம் சிறுநீர், மலத்தோட வெளிய போயிடும். பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாக்கூட குழந்தைக்குக் கெடுதல் வர்ற அளவு அது கிடையாது. இருந்தாலும் சுலபமாத் தவிர்க்கக்கூடியதை ஏன் வாங்கிக்கணும், அதனால சித்தியோ அத்தையோ துணைக்குப் போகட்டும், அன்னைக்கு ராத்திரி அம்மா தனியாப் படுக்கட்டும், மறுநாள்ல இருந்து எப்பவும் போல இருங்க. வீட்டுல கைக்குழந்தை யாராவது இருந்தா அன்னைக்கு சாயங்காலம் மடியில வச்சுக் கொஞ்ச வேணாம். நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்க. லேப்ல தாலியமே கொடுத்துட்டாங்கன்னா எத்தனை நாள் தள்ளி இருக்கணும்னு அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க, நீங்க கர்ப்பமா இருக்குறதையும் சொல்லிக் கேளுங்க.

ரிசல்ட் நார்மல்னு வந்தா பொதுவா அடுத்த ஒரு வருஷத்துல அட்டாக்கோ இதயத்தால சாவோ வர்ற வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழன்னு சொல்லுவோம். சுகர் இருக்குறவங்களுக்கு அந்த உத்தரவாதம் கொஞ்சம் பலம் கம்மி, அதனால நார்மல்னாலும் சுகர், பிரஷர், கொழுப்பு மாத்திரைய விடக் கூடாது.

அதுவரைக்கும் ஒரு விஷயத்துல கண்டிப்பா இருங்க. உக்காந்தும் அமுக்கம் போகாம பத்து நிமிஷத்துக்கு மேல நின்னாலோ, சும்மா இருக்கும்போதே வந்தாலோ, ஸ்கேன் தேதி இருக்கேன்னு காத்திருக்காதீங்க, 108க்குப் போன் பண்ணி பாலம் தாண்டி ராம்நாடு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நடு ராத்திரியா இருந்தாலும் சரி.

உங்க அம்மா கேட்ட கேள்விக்கு வர்றேன், அதுதான் எல்லாத்தையும் விட முக்கியம், ஆனா வீட்டுல யாரும் அதுக்குப் பதில் சொல்லலை. ஸ்கேன் முடிஞ்சு ரிப்போர்ட்டை டாக்டர் பாக்குற வரைக்கும் கடல்ல இறங்கி முங்கக் கூடாது, ஈரச் சாக்கு தூக்கக் கூடாது. கரையில உக்காந்து காய வைக்குறது, தரம் பிரிக்குறது பண்ணலாம். அப்புறம் எப்ப இறங்கலாம்ங்குறதை அவங்களே டாக்டர்கிட்ட நேராக் கேக்கட்டும், ஆனா அதுக்கு அவர் என்ன வேலைன்னு தெரிஞ்சிருக்கணும். நீங்க அனுப்பின சீட்டுல தொழில்ங்குற இடத்துல "இல்லத்தரசி"ன்னு போட்டிருக்கு. மூச்சைப் பிடிச்சு எவ்வளவு நேரம் முங்குறாங்க, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, சாக்கு எத்தனை கிலோ, இதெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்து, அந்த இடத்துல "பாசி எடுப்பவர்"னு மாத்தி எழுதச் சொல்லுங்க.